மாசி மகத்துக்கு வருவாள்

போன மாதம் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி வகுப்பு என்று செங்கல்பட்டுக்குக் கூப்பிட்டார்கள். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் களப்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தலைப்பையும் அவர்களே கொடுத்திருந்தார்கள்: ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கும் சமூகங்களின் வழக்கங்களை நாட்டின் சட்டம் ஏற்க வேண்டுமா? எனக்கு முன்னால் பேசியவர் திரையில் படம் போட்டுக் காட்டி, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று முடித்தார். கை தட்டினார்கள். நான் ஒரு குழந்தைக்கு நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்றார்கள். பிரியாணி ஆறிவிடுமாம். மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் படாளத்துக்காரி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். பன்னிரண்டாவது முடித்துக் குழந்தைகள் இல்லம் ஒன்றில் ஆயாவாகச் சேர்ந்தேன். அஞ்சல் வழியில் பட்டம் வாங்கிக் களப்பணிக்கு வந்தேன். பயிற்சி என்று ஒரு வாரம் சட்டத்தை வாசித்துக் காட்டினார்கள். எனக்குத் தூக்கம்தான் வந்தது. வேலை இதுதான்: எங்காவது ஒரு குழந்தை கேட்பாரில்லாமல் கிடைத்தால், அதன் வீட்டைத் தேடிப் போக வேண்டும். அடுப்பு எரிகிறதா, அப்பன் குடிக்கிறானா, பக்கத்து வீட்டார் என்ன சொல்கிறார்கள் என்று விசாரித்து, குழந்தையைத் திருப்பி அனுப்பலாமா என்று எழுதித் தர வேண்டும். வீடே இல்லாதவர்களை எங்கே போய் விசாரிப்பது என்று அந்த ஒரு வாரத்தில் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்தப் பக்கத்தில் அப்படி இருப்பவர்கள் இருளர்கள். எல்லாரும் அல்ல. பட்டா வாங்கி ஓரிடத்தில் இருப்பவர்களும் உண்டு. மற்றவர்கள் செங்கல் சூளை, சவுக்குத் தோப்பு, கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிப்பது என்று வேலை இருக்கும் இடத்துக்குப் போவார்கள். சூளை மேஸ்திரி லாரியில் ஏற்றினால் எந்த ஊரில் இறங்குவோம் என்று அவர்களுக்கே தெரியாது. ஆனால் மாசி மகத்துக்கு மட்டும் எங்கே இருந்தாலும் மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்துவிடுவார்கள். மணலில் நான்கு கொம்பு நட்டு, புடவையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு தங்குவார்கள். ஈர மணலைக் குவித்துக் கன்னியம்மாவைக் கும்பிடுவார்கள். கல்யாணம், மொட்டை, காதுகுத்து, பெண் பார்ப்பது, பழைய சண்டையைத் தீர்ப்பது, எல்லாம் அங்கேதான். நமக்கு ரிஜிஸ்தர் ஆபீஸும் கோர்ட்டும் எப்படியோ, அவர்களுக்கு அந்த மணல் அப்படி.

வழக்கம் என்று சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுகிறவள் நான் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு வருடம் பதினைந்து வயசுப் பெண்ணுக்குத் தாலி கட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, போலீஸோடு போய் நிறுத்தினேன். பெண்ணின் அம்மா மண்ணை வாரித் தூற்றினாள்.

"உங்க வூட்டுக் கல்யாணத்துல நாங்க வந்து நின்னமாடி? நீ நல்லா இருப்பியாடி?"

அடி பட்டதுபோல இருந்தது. ஆனால் இன்றைக்கும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை. அன்று சாயங்காலம் அவர்களில் பெரியவர் ஒருவர், பெயர் கன்னியப்பன், என்னைத் தேடிவந்து பக்கத்தில் குந்தினார்.

"நீ சொன்னது ஞாயம்தாம்மா. வந்த வெதந்தான் பேஜாரு. ஒரு நா முன்னாடி வந்து எங்களோட உக்காந்து பேசியிருந்தியானா, நாங்களே நிறுத்திகினு இருப்போம். போலீஸ இட்டாந்தா கன்னியம்மா எழுந்து ஓடிடும்."

அடுத்த வருடம் ஒரு நாள் முன்னதாகவே போய் உட்கார்ந்தேன். தாலி எடுத்து வைக்கும் முன்னால் பெண்ணின் வயசை அவரே கேட்டார். போலீஸ் தேவைப்படவில்லை. பேசினால் கேட்பார்கள். பேசுவதற்கு அவர்கள் இருக்கும் இடத்துக்கு, அவர்கள் கூடும் நாளில் போக வேண்டும், அவ்வளவுதான். இந்த ஒரு விஷயம் நம் ஆபீஸ்களுக்கு ஏறவே இல்லை.

இனி அந்தக் குழந்தை.

வைகாசி மாதம். திருவிடந்தைப் பக்கம் சாலையோரத்தில் குப்பம்மா என்ற பெண் இறால் கூறு போட்டு விற்றுக்கொண்டிருந்தாள். மடியில் இரண்டு வயது கடந்த பெண் குழந்தை. குழந்தை நல்ல சிவப்பு. கோயிலுக்குக் காரில் வந்த யாரோ பார்த்துவிட்டு, கறுத்த பொம்பளை கையில் சிவந்த குழந்தை, கடத்தல் கேஸ் என்று போன் போட்டுவிட்டார்கள். போலீஸ் வந்ததும் குப்பம்மாவின் புருஷன் ஏழுமலை பயந்து ஓடிவிட்டான். அவர்களிடம் இருந்த ஒரே போனும் அவன் சட்டைப் பையில் ஓடிப்போயிற்று. நான் ஸ்டேஷனுக்குப் போனபோது விசாரணை நடந்துகொண்டிருந்தது. கேட்டவர் பெண் எஸ்.ஐ.

"இது உன் புள்ளையா?"

"என் புள்ளதாம்மா. பேரு கன்னி."

"நீ பெத்ததா?"

"நான் பெக்கல. என் நாத்தனாரு பெத்தா. வள்ளி."

"அவ எங்க?"

"சூளைக்குப் போயிகீறா."

"எந்தச் சூளை?"

"மேஸ்திரிக்குத்தான் தெரியும். மாசி மகத்துக்கு வருவா."

எஸ்.ஐ. சிரித்துவிட்டார். "ஏம்மா, இப்ப எங்க இருக்கான்னு கேட்டா அடுத்த வருசம் வருவான்ற. லூசா நீ?"

"எல்லாரும் அன்னிக்குத்தானம்மா வருவாங்க."

"சரி, சும்மாவா குடுத்தா புள்ளைய?"

"சும்மா எப்பிடிம்மா குடுப்பா? பொடவ ஒண்ணு, கோழி ஒண்ணு வெச்சித்தான் வாங்கினோம்."

அதோடு முடிந்தது. 'வாங்கினோம்' என்று அவள் வாயாலேயே சொன்னாள். குழந்தையை விற்றது, வாங்கியது என்று வழக்கு. குப்பம்மா ரிமாண்டுக்குப் போனாள், கன்னி குழந்தைகள் இல்லத்துக்குப் போனாள்.

நான் பெத்தது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால், அடுத்த இரண்டு கேள்வியோடு அவளை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். பிறகு கேட்டேன், ஏன்டி சொல்லவில்லை என்று. என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். யார் வயிற்றில் பிறந்தது என்பதை அவர்கள் மறைக்க மாட்டார்கள். மறைத்தால் நாளைக்கு அண்ணனுக்கும் தங்கைக்கும் தெரியாமல் மணலில் கல்யாணம் நடந்துவிடும். ஓரிடத்தில் இல்லாத ஜனத்துக்கு அந்த உண்மை ஒன்றுதான் காவல். அதைச் சொன்னதற்குத்தான் அவள் ஜெயிலுக்குப் போனாள்.

புடவையும் கோழியும் விலை அல்ல. குப்பம்மாவுக்கு வயிற்றில் தங்கவில்லை. வள்ளிக்கு மூன்று இருந்தன, நான்காவது இந்தக் கன்னி. முந்திய மாசி மகத்தில் கடற்கரையில் எல்லாரையும் கூட்டி, பெரியவர்கள் முன்னால் வள்ளி குழந்தையை அண்ணியின் மடியில் வைத்தாள். புடவை பெற்றவளுக்கு மரியாதை. கோழியை அங்கேயே அடித்துக் குழம்பு வைத்தார்கள். அதைச் சாப்பிட்டவர்கள் எல்லாரும் சாட்சி. ஒரு நிபந்தனை உண்டு. வருடா வருடம் மாசி மகத்தன்று வளர்க்கிறவள் குழந்தையைக் கொண்டுவந்து பெற்றவளுக்குக் காட்ட வேண்டும். மெலிந்திருந்தாலோ, உடம்பில் காயம் இருந்தாலோ பெரியவர்கள் கேள்வி கேட்பார்கள். நம் சட்டத்தில்கூடத் தத்துக் கொடுத்த குழந்தையை இரண்டு வருடம்தான் போய்ப் பார்க்கிறார்கள்.

குழந்தையின் விஷயத்தை முடிவு செய்வது குழந்தைகள் நலக் குழு. அதன் தலைவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கெட்டவர் என்றால் எனக்கு எழுத எளிதாக இருந்திருக்கும். அவர் நல்லவர். கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். கூட்டம் தொடங்கும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை மேல் குப்புற வைப்பார், குழந்தை இருக்கும்போது நேரம் பார்க்கக் கூடாதென்று. நாற்காலியை இழுத்துக்கொண்டு மேசையைச் சுற்றிவந்து குழந்தைக்குப் பக்கத்தில் உட்காருவார். சட்டைப் பையில் எப்போதும் பொட்டுக்கடலை இருக்கும். காவலோடு கூட்டிவந்த குப்பம்மாவை "உட்காருங்கம்மா" என்றார். அவளை அதுவரை எந்த ஆபீஸிலும் யாரும் நாற்காலியில் உட்காரச் சொன்னதில்லை. அவள் பயந்துபோய்த் தரையில் உட்கார்ந்தாள். உத்தரவை நிதானமாகச் சொல்லி எழுத வைப்பார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி எல்லாரையும் பார்த்து "சரிதானே?" என்பார். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். மேலே போவார்.

"எனக்கு ஒரு அட்ரஸ் கொடுங்கம்மா. நாளைக்கே ஆள் அனுப்பி வள்ளியைக் கூட்டிட்டு வரச் சொல்றேன்" என்றார். அவ்வளவுதான் அவர் கேட்டது. குப்பம்மாவிடம் அது இல்லை.

"சார், மாசி வரைக்கும் பொறுங்க. பெத்தவளையும் கொண்டு வர்றேன், கொழம்பு சாப்பிட்ட அத்தனை பேரையும் கொண்டு வர்றேன்" என்றேன்.

"சட்டத்துல மாசி இல்லம்மா. ரெண்டு வயசைத் தாண்டின குழந்தைன்னா நாலு மாசம். அதுக்குள்ள பெத்தவங்க வரலைன்னா தத்துக்கு விடலாம்னு அறிவிக்கணும்."

"அவங்க பழங்குடிங்க சார். அவங்க தத்துக்கு இந்துச் சட்டம் கெடையாது, வழக்கம்தான்னு நம்ம புஸ்தகத்துலயே இருக்கே."

"இருக்கு. வழக்கம்னா நிரூபிக்கணும். நாளைக்கு நெஜமாவே ஒரு கடத்தல்காரன் வந்து நின்னு, இது எங்க வழக்கம்னு சொன்னா நான் என்ன செய்யட்டும்?"

ஆபீஸ் படி இறங்கும்போதுதான் எனக்குப் பதில் வந்தது. எந்தக் கடத்தல்காரன் ஊரைக் கூட்டிக் கோழிக் குழம்பு வைப்பான்? எந்தக் கடத்தல்காரன் வருடா வருடம் பிள்ளையைக் கொண்டுவந்து பெற்றவளிடம் காட்டுவான்? திரும்பப் போய்ச் சொன்னேன். சிரித்தார். "நல்லா சொன்னீங்க" என்றார். உத்தரவில் அது ஏறவில்லை.

உறவினர் தத்து என்று ஒரு வழி இருக்கிறது. கம்ப்யூட்டரில் பதிய வேண்டும், இரண்டு தரப்புக்கும் அடையாளச் சான்று வேண்டும், கல்யாணச் சான்று வேண்டும், பெற்றவர்கள் வந்து சம்மதிக்க வேண்டும். கதவு இருக்கிறதே என்று புதுப் பிள்ளைகள் என்னிடம் சொன்னார்கள். இருக்கிறது. விலாசம் உள்ளவர்களுக்கு.

சட்டப்படி நாளிதழில் குழந்தையின் படம் போட்டு விளம்பரம் கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத, காட்டில் சவுக்கு வெட்டுகிற தாய் அதைப் பார்த்துவிட்டு ஓடிவருவாள் என்று யாரோ நம்பினார்கள் போலிருக்கிறது. இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஏழுமலையின் போன் அணைந்தது அணைந்ததுதான். வள்ளி குடும்பத்திடம் போனே இல்லை. அட்வான்ஸில் கழித்துக்கொள்ள மேஸ்திரி பிடுங்கி வைத்திருந்தான் என்று பிறகு தெரிந்தது.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தேடினேன். மதுராந்தகத்தில் இறங்கி ஒவ்வொரு சூளையாகப் போனேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு சூளை முதலாளி, பல் குத்திக்கொண்டே பேசினான்.

"வள்ளியா? இங்க எத்தினியோ வள்ளிங்க இருந்தாளுங்கோ. மழ வந்துச்சு, சூளைய அணைச்சோம், போய்ட்டாளுங்கோ."

"எங்க போனாங்க?"

"அத்த என்ன கேட்டா? நான் இன்னா அவளுங்களுக்கு மாமனாரா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனி பிறந்ததும் சூளைகள் நின்றுவிடும், ஜனம் கலைந்துவிடும். நாங்கள் தேட ஆரம்பித்ததே அவர்கள் கலைகிற நேரத்தில்.

வள்ளி கிடைக்கவில்லை. கன்னியப்பன் கிடைத்தார். ஏரிக்கரை ஓரம் மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தவரைக் குழுவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். குழந்தை அவரைப் பார்த்ததும் போய்க் காலைக் கட்டிக்கொண்டது. நடந்ததை எல்லாம் சொன்னார். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், யார் கோழியை அறுத்தார்கள் என்பதுவரை. தலைவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஐயா, உங்க விலாசம் சொல்லுங்க, எழுதிக்கணும்."

"நான் இங்கதான கீறேன் சாமி, உங்க எதுர்ல."

"அது இல்லங்க. எங்க குடியிருக்கீங்க?"

"இப்ப ஏரிக்கர. அடுத்த மாசம் கேட்டீன்னா வேற சொல்லுவேன்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க சொல்றதை நான் நம்புறேன் ஐயா. ஆனா நீங்க பெத்தவர் இல்லையே" என்றார். பெற்றவள் வர வேண்டும். வளர்த்தவள் மேல் வழக்கு இருக்கிறது, அவளிடம் கொடுக்க முடியாது. பெரியவர் சாட்சி சொல்லலாம், குழந்தையைக் கேட்க முடியாது. ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லி எழுத வைத்தார். "சரிதானே?" என்றார். கன்னியப்பன் மட்டும் பதில் சொன்னார்.

"இல்ல சாமி."

அந்த அறையில் அதற்கு முன்னால் அப்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தலைவர் எழுதிக்கொண்டிருந்தவரைக் கை காட்டி நிறுத்தினார். பிறகு மேலே போனார். நான்கு மாதம் முடிந்ததும் குழந்தை தத்துக்கு உரியவள் என்று அறிவித்தார்கள்.

இல்லத்தில் அவளுக்குப் புதுப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் முதலில் திரும்ப மாட்டாள். பிறகு திரும்ப ஆரம்பித்தாள். அன்று நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. மார்கழியில் ஒரு தம்பதி வந்தார்கள். இந்தி பேசினார்கள். பல வருடம் காத்திருந்தவர்களாம். அந்த அம்மா குழந்தையைத் தூக்கியதும் அழுதுவிட்டார். அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர்களுக்கு என்ன தெரியும்? தாய் கைவிட்ட குழந்தை என்றுதான் அவர்களிடம் காகிதத்தில் இருக்கிறது.

வகுப்பில் கேட்ட கேள்விக்கு என் பதிலையும் சொல்லிவிடுகிறேன். எல்லா வழக்கத்தையும் ஏற்கச் சொல்லவில்லை. அவர்களைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லாதே என்கிறேன். ஒரு ஜனம் வருடத்தில் ஒரு நாள்தான் கூடும் என்றால் சட்டம் அந்த நாள்வரை பொறுக்கட்டும். அந்த மணலில் போய் உட்காரட்டும். அவர்கள் பெரியவர்கள் சொல்வதைச் சாட்சியாக எழுதிக்கொள்ளட்டும். பிள்ளைக்கு நல்லதில்லை என்று பட்டால் மறுக்கட்டும். பொறுக்காத சட்டத்துக்கு என்ன மரியாதை?

மாசி மகம் வந்தது. நான் விடுப்பு போட்டுவிட்டு மாமல்லபுரம் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. ஆனால் வள்ளி வருவாள் என்று எனக்குத் தெரியும். வந்து நிற்பவளுக்கு யாராவது சொல்லத்தானே வேண்டும்.

ஜாமீனில் வந்திருந்த குப்பம்மா கொம்பு நட்டுக் கட்டிய புடவை மறைவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழுமலையும் வந்திருந்தான், தள்ளி, கடலைப் பார்த்தபடி. காலை வெயில் ஏறும் நேரத்தில் வள்ளி வந்தாள். நெல்லூர்ப் பக்கம் சவுக்கு வெட்டிவிட்டு வருகிறாளாம். தலையில் மூட்டை, இடுப்பில் கன்னிக்குப் பின் பிறந்த பையன், பின்னால் மூன்று பிள்ளைகள். மூட்டையை இறக்கும் முன்னாலேயே சத்தம் போட்டாள்.

"இன்னா அண்ணி, புள்ள எங்க? என்னக் கண்டு ஒளிச்சி வெச்சிகினியா? பயப்படாத, திருப்பிக் கேக்க மாட்டேன்!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவள் எல்லார் முகத்தையும் பார்த்தாள். மூட்டையைக் கீழே வைத்தாள்.

கன்னியப்பன் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்தார். என்னையும் உட்காரச் சொன்னார். முதலில் குப்பம்மா சொன்னாள். அப்புறம் நான் சொன்னேன். கன்னியப்பன் என்னைக் கேட்டார்.

"வாங்கினு போனவங்க பெத்தவளப் பாத்தாங்களா?"

"இல்ல."

"பெத்தவ அவங்களப் பாத்தாளா?"

"இல்ல."

"அடுத்த மாசிக்குக் கொண்டாந்து காட்டுவாங்களா?"

"மாட்டாங்க, பெரியவரே."

"எந்த ஊருன்னாச்சும் சொல்லுவீங்களா?"

"சொல்லக் கூடாது."

"இத்தப் போயி குடுத்ததுன்னு சொல்றீங்களேம்மா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்து ஒரு இளைஞன், "வுடு பெருசு, அந்தம்மா இன்னா பண்ணும்?" என்றான். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

குப்பம்மா மேல் குற்றமில்லை என்றார் கன்னியப்பன். அதை வள்ளியும் ஏற்க வேண்டும், அதுதான் முறை. எல்லாரும் வள்ளியைப் பார்த்தார்கள். அவள் எழுந்து போய் அண்ணியின் பக்கத்தில், தோள் ஒட்ட உட்கார்ந்தாள். குப்பம்மா அப்போதுதான் அழுதாள்.

கூட்டம் கலைந்தது. பக்கத்தில் யாருக்கோ மொட்டை அடிக்க மேளம் அடித்தார்கள். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். வள்ளி வந்து நின்றாள்.

"ஊரு பேரு சொல்லக் கூடாதா?"

"கூடாதும்மா."

"பேரு வேணாம். எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு."

நான் கையை வடக்கே நீட்டினேன். இத்தனை வருட வேலையில் நான் மீறிய ஒரே விதி அது.

வள்ளி அந்தப் பக்கம் திரும்பினாள். இடுப்பில் இருந்த பையனையும் திருப்பிக் காட்டினாள். படகுகளைத் தாண்டிக் கோவளம்வரை வெறும் கரைதான் தெரிந்தது. "அங்கதாண்டா உங்க அக்கா கீறா" என்றாள்.